வியாழக்கிழமை எடுத்த மூன்று அலைகள்

போன மாதம் பம்பாய்க்கு அப்பால் ஐரோலியில் இருந்து ஒரு போன் வந்தது. நான் வேலை பார்த்த அதே டெஸ்ட் செக்‌ஷனில் இப்போது இருக்கும் ஒரு பெண் இன்ஜினீயர். பழைய ஃபார்ம்களை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றுகிறார்களாம். அலை அளக்கும் ஃபார்மில் ஐந்தாவது வரியாக, ‘இன்று என்ன கிழமை? பக்கத்து ஃபீடர்களில் என்ன ஓடுகிறது?’ என்று ஒன்று இருக்கிறதாம். “தேதியைப் போட்டா கிழமை தானே வந்துடும் சார். இந்த லைனை யார் சேர்த்தாங்கன்னு இங்க யாருக்கும் தெரியல. எடுத்துடலாமா?” என்று கேட்டாள். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எழுத உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது. கண் பூளை கட்டினாற்போல் இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் லென்ஸை வைத்துக்கொண்டு கோடுகளின் உயரத்தை அளந்த கண் இது. அதற்கு இதற்கு மேல் ஒன்றும் பார்க்க விருப்பமில்லை. ரிடையர் ஆனவர்கள் சாதனைகளை எழுதுவார்கள். என்னிடம் சொல்ல ஒரே ஒரு தப்புதான் இருக்கிறது. அதையாவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

திருநெல்வேலிப் பக்கம் இருந்து பம்பாய் வந்து, மாட்டுங்காவில் ஒரே அறையில் ஆறு பேராகப் படுத்து எழுந்து, டிப்ளமா முடித்து, அப்போது செம்பூர் தாண்டி இருந்த ஒரு மின்சாரக் கம்பெனியின் டெஸ்ட் லேபில் சேர்ந்தேன். அறுபதுகளின் தொடக்கம். முதல் இரண்டு வருஷம் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயைச் சோதித்ததும் ரிலேயைத் துடைத்ததும் தவிர வேறு ஞாபகம் இல்லை. மூன்றாம் வருஷம், லேபில் எனக்கு மேலே இருந்த சேஷாத்ரி சார் என்னை ‘அலை’ வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

அலை என்றால் இதுதான். மின்சாரம் செகண்டுக்கு ஐம்பது தடவை ஏறி இறங்குகிற ஒரு வழவழப்பான அலையாக வர வேண்டும். ஆனால் சில தொழிற்சாலைகளில் அதை நேர் மின்சாரமாக மாற்றிக்கொள்ள ரெக்டிஃபையர் வைத்திருப்பார்கள். அந்தக் காலத்தில் பெரிய கண்ணாடிக் குடுவைக்குள் பாதரசம், ஊதா வெளிச்சம் துடித்துக்கொண்டிருக்கும். அது அலையைச் சீராக எடுத்துக்கொள்ளாது, கடித்துக் கடித்து எடுக்கும். அந்தக் கடியினால் ஐந்து மடங்கு, ஏழு மடங்கு வேகத்தில் சின்னச் சின்ன அலைகள் உண்டாகிக் கம்பி வழியே திரும்பி வரும். ஹார்மோனிக்ஸ் என்பது அவற்றைத்தான். பெரும்பாலும் கெடுதல் இல்லை. ஆனால் அதே லைனில், மின்சாரத்தைத் தேக்கித் தேக்கி விடுகிற கெபாசிட்டர் வரிசை ஒன்று இருந்து, அளவும் வேகமும் பொருந்திவிட்டால் சின்ன அலை பெரிதாகிவிடும். குழாயடியில் வாளி நிரப்பிக்கொண்டு நடக்கும்போது, நம் நடையும் தண்ணீரின் தளும்பலும் ஒத்துப்போய்விட்டால் வீடு வருவதற்குள் பாதி வாளி காலியாகிவிடுமே, அந்த மாதிரி.

எங்கள் கருவி ஒரு டிரங்குப் பெட்டி அளவு இருக்கும். உள்ளே கடுகளவு கண்ணாடி ஒன்று மின்சாரத்தோடு சேர்ந்து ஆடும். அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம், ஓடுகிற போட்டோத் தாளில் கோடு போடும். தாளை இருட்டறையில் கழுவிக் காயவைத்து, ஒரு முழு அலையை முப்பத்தாறு பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்திலும் கோட்டின் உயரத்தை லென்ஸ் வைத்து அளக்க வேண்டும். பிறகு அட்டவணையில் உள்ள எண்ணால் பெருக்கி, கைப்பிடி சுற்றுகிற கால்குலேட்டரில் கூட்ட வேண்டும். ஐந்தாவது எவ்வளவு, ஏழாவது எவ்வளவு, பதினொன்றாவது எவ்வளவு என்று வரும். ஒரு அலைக்கு ஒன்றரை நாள். இப்போது கையில் பிடிக்கிற மீட்டர் இதை இரண்டு செகண்டில் காட்டுகிறதாம். நல்லது, நன்றாக இருக்கட்டும்.

சேஷாத்ரி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாட்டுங்காவில் இரண்டு தலைமுறையாக இருக்கிற குடும்பம். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, வீட்டில் இருந்து கொண்டுவந்த ஃபிளாஸ்க் காபி, அதில் யாருக்கும் பங்கு கிடையாது. குரல் உயர்த்தி ஒரு நாளும் பேசியதில்லை. நான் முப்பத்தாறு உயரங்களை அளந்து கொடுத்தால், அவர் பாதிப் பாகம் தள்ளி அதே அலையில் வேறு முப்பத்தாறு இடங்களில் தானே அளப்பார். இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து. ஒத்துப்போகாவிட்டால் திட்ட மாட்டார். தாளை என் பக்கமாகத் தள்ளி, “மறுபடியும் பாரேன்” என்பார். அந்த ‘பாரேன்’-க்கு நான் பயந்த அளவுக்கு வேறு யார் போட்ட சத்தத்துக்கும் பயந்ததில்லை. ரிப்போர்ட்டில் ‘தோன்றுகிறது’, ‘இருக்கலாம்’ என்று எழுதினால் அடித்துவிடுவார். “மீட்டர் சொன்னதை எழுது. உனக்குத் தோணினதை நாளைக்குச் சாவகாசமா யோசிச்சுக்கலாம்.”

இப்படிப்பட்ட மனிதரும் நானும் சேர்ந்துதான் அந்தத் தப்பைச் செய்தோம்.

எங்கள் சப்ஸ்டேஷன் ஒன்றில் இருந்து இரண்டு தொழிற்சாலைகளுக்கு லைன் போயிற்று. அந்த லைனுக்குத்தான் ஃபீடர் என்று பேர். ஒன்று பம்ப் செய்கிற தொழிற்சாலை. இன்னொன்று இரும்புக் கம்பி உருட்டுகிற ரோலிங் மில். அங்கே பாதரச ரெக்டிஃபையர்கள் உண்டு. பம்ப் தொழிற்சாலை, சப்ஸ்டேஷனை ஒட்டி ஒரு அறை கட்டி, புதிதாகக் கெபாசிட்டர் வரிசை ஒன்று வைத்துக்கொண்டது. அதற்குப் போகிற கேபிளில், தரைக்கு அடியில், மூடி போட்ட குழிக்குள் ஒரு ஜாயிண்ட். மழைக்காலத்தில் அந்த ஜாயிண்ட் வெடித்தது.

அதைப் போட்டவர் சுடலைமுத்து. தாராவியில் இருந்தார், எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள். எனக்கு அவர் அண்ணாச்சி, அவருக்கு நானும் அண்ணாச்சி. ஜாயிண்டர் வேலை லேசுப்பட்டது இல்லை. கேபிளின் ஈய உறையை வெட்டி, உள்ளே எண்ணெயில் ஊறிய காகிதத்தை அடுக்கடுக்காகச் சுற்றி, மேலே ஈயக் குழாய் மாட்டி, உருகிய ஈயத்தைத் துணியால் வழித்து வழித்து மூட வேண்டும். காகிதத்தில் துளி ஈரம் இருந்தாலும் என்றைக்காவது வெடிக்கும். சுடலைமுத்து ஒரு துண்டு காகிதத்தைக் கொதிக்கிற மெழுகில் போட்டு, காதைக் கிட்டே வைத்துக் கேட்பார். பொரிகிற சத்தம் வந்தால் அந்தக் காகிதக் கட்டையே தூக்கிப் போட்டுவிடுவார். குழிக்கு மேல் கூடாரம் கட்டாமல் மழை நாளில் கேபிளைத் தொடமாட்டார். மேஸ்திரி எவ்வளவு அவசரப்படுத்தினாலும், “காலி பீலி கத்தாதீங்க சேட்”, அதாவது சும்மா கத்தாதீங்க, என்று சொல்லிவிட்டு நிதானமாகவே செய்வார்.

அவரே மறுபடி போட்டார். மழை விட்டதும் மறுபடி வெடித்தது. மூன்றாவதாகப் போட்டது தை மாதம் வெடித்தபோது, பக்கத்தில் நின்ற வாட்ச்மேனுக்குக் கால் வெந்துவிட்டது. வேறு ஆளை வைத்து ஜாயிண்டைப் போட்டுவிட்டு, சுடலைமுத்துவைச் சஸ்பெண்ட் செய்து சார்ஜ் ஷீட் கொடுத்தார்கள்: ‘கவனக்குறைவான வேலை.’

சேஷாத்ரி சாருக்கு முதல் தடவையே சந்தேகம். கெபாசிட்டர் வந்த பிறகுதானே வெடிக்கிறது, அலையைப் பார்த்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார். போனேன். பெட்டியை மாட்டினேன். தாளை ஓடவிட்டேன். கழுவிப் பார்த்தால் பாடப்புத்தகத்தில் போட்ட படம் மாதிரி வழவழப்பான அலை. முப்பத்தாறும் அளந்தேன். அவரும் அளந்தார். ஒத்துப்போயிற்று. ‘அலை சுத்தம்’ என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் அதேதான்.

இதில் எங்கே தப்பு என்று இப்போது படிக்கிறவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். மின்சாரம் போதாத காலம் அது. ஒவ்வொரு வட்டாரத் தொழிற்சாலைகளுக்கும் வாரத்தில் வேறு வேறு நாள் விடுமுறை விட்டிருந்தார்கள். அந்த வட்டாரத்துக்கு வியாழக்கிழமை. எங்கள் பெட்டியை மாட்ட வேண்டுமானால் லைனைக் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும். அதற்குப் பெர்மிட் விடுமுறை நாளில்தான் கிடைக்கும். எண்ணெய், ரிலே, இன்சுலேஷன் என்று வருஷக்கணக்காக எல்லாச் சோதனையும் அப்படித்தான் எடுத்தோம். காலையில் எழுந்தால் பல் தேய்ப்பது போல, டெஸ்ட் என்றால் விடுமுறை நாள். பம்ப் தொழிற்சாலை பூட்டியிருந்தாலும் கெபாசிட்டர் லைனில்தான் இருந்தது. அது போதும் என்று நினைத்தேன். பக்கத்து மில்லும் அன்றைக்குப் பூட்டியிருக்கும், அலையைக் கடிக்கிற ரெக்டிஃபையர் அணைந்திருக்கும் என்பது எனக்கும் தோன்றவில்லை, சாருக்கும் தோன்றவில்லை. ஃபார்மில் தேதி இருந்தது. கிழமை கேட்கிற வரி இல்லை.

இதோடு போயிருந்தால் அறியாமை என்று சொல்லித் தப்பித்திருப்பேன்.

ஸ்டோருக்குப் பின்னால் ஒரு அறையில் விசாரணை நடந்தது. விசாரித்தவர் ஹெட் ஆபீசில் இருந்து வந்தவர், இங்கிலீஷ்தான். சுடலைமுத்துவுக்குப் பம்பாய் ஹிந்தி தண்ணீர் பட்ட பாடு; ஆனால் வேலை போகிற சமயத்தில் தமிழ்தான் வந்தது. கம்பெனி சாட்சியாக வந்திருந்த என்னையே மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னார்கள். இப்போதானால் யாராவது ஆட்சேபிப்பார்கள். அன்றைக்கு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

“உன் தரப்பில் என்ன சொல்கிறாய்?” என்று கேட்டார்.

சுடலைமுத்து என்னைப் பார்த்துச் சொன்னார்: “அண்ணாச்சி, இத அவருட்ட வெவரமாச் சொல்லுங்க. ஜாயிண்டு போட்டுட்டு நான் அப்படியே போயிரமாட்டேன். போற வாரப்பல்லாம் குழிக்குள்ள எறங்கி, ஈயத்து மேல கைய வச்சுப் பாப்பேன். எல்லா நாளும் கொதிக்கி. வியாழக்கெழம மட்டும் பச்சத்தண்ணி மாதிரி இருக்கு. என் கை தப்புன்னா வியாழக்கெழமயும் கொதிக்கணும்லா?”

நான் இங்கிலீஷில் சொன்னேன்: “ஜாயிண்ட் சூடாகிறது என்கிறார்.”

அவ்வளவுதான் சொன்னேன். கிழமையை விட்டுவிட்டேன். வேண்டுமென்று இல்லை. ஜாயிண்டர்கள் எதையாவது சொல்லிக்கொண்டிருப்பார்கள், அதில் எது விஷயம் எது பேச்சு என்று எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. டிப்ளமா வாங்கிய திமிர் என்றே சொல்லலாம். விசாரித்தவர், “ஈரம் இருந்தால் சூடாகத்தானே செய்யும்?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். “ஆமாம்” என்றேன். “உங்கள் அலைகள்?” என்றார். “மூன்றும் சுத்தம்” என்றேன். சுடலைமுத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் அவரை வேலையில் இருந்து நீக்கினார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து, அந்தச் சப்ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்த, போட்டோத் தாளில் வெளிச்சம் படாமல் பெட்டியை மூடுகிற கறுப்புத் துணியை எடுக்கப் போனேன். வெறும் துணிதான், பெர்மிட் தேவையில்லை, ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். உள்ளே நுழையும்போதே கெபாசிட்டர் அறைப் பக்கம் இருந்து ஒரு சத்தம், பெரிய வண்டு காதுக்குள் புகுந்த மாதிரி. நான் அதற்கு முன் அங்கே அதைக் கேட்டதே இல்லை. இது என்ன என்று அட்டெண்டரைக் கேட்டேன். பீடி வலித்துக்கொண்டே சொன்னார்: “யே தோ ரோஜ் கா ஹை, சாப். சிர்ஃப் குருவார் கோ சுப் ரெஹ்தா ஹை.” தினமும் இப்படித்தான், வியாழக்கிழமை மட்டும்தான் பேசாமல் இருக்கும்.

கெபாசிட்டர் இப்படி இரைந்தால் அதில் ஓடுகிற அலை சுத்தமில்லை என்று அர்த்தம். துணியை எடுக்காமலே திரும்பிவிட்டேன்.

நான் கேட்டதைச் சொன்னதும், சேஷாத்ரி சார் மூன்று ரிப்போர்ட்டுகளையும் கொண்டுவரச் சொன்னார். பழைய காலண்டரைத் தேடி எடுத்தார். ஒவ்வொரு தேதியாக விரல் வைத்தார். “வியாழன். வியாழன். இதுவும் வியாழன்.” கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். “நீ அளந்ததும் சரி. நான் அளந்ததும் சரி. ஒருத்தனுக்கு வேலை போயிடுத்து, ஆறுமுகம்.”

விசாரணையில் கிழமையை விட்டதையும் அப்போதே சொல்லிவிட்டேன். அவர் காலண்டரை மூடி வைத்தார். பிறகு, “என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அதை அவன்கிட்ட போய்ச் சொல்லு” என்றார்.

அந்த வியாழக்கிழமை பெட்டியை மாட்டி, கழற்றாமல் அப்படியே சீல் வைத்துவிட்டு வந்தோம். வெள்ளிக்கிழமை காலை சாரும் வந்தார். எட்டு மணிக்கு மில் சங்கு ஊதியது. பெட்டியின் கண்ணாடித் திரையில் அதுவரை வழவழவென்று ஓடிக்கொண்டிருந்த வெளிச்சக் கோட்டில், ஒவ்வொரு ரெக்டிஃபையராகப் போடப்போட, பல் முளைத்தது. கடைசியில் ரம்பம் மாதிரி ஆகிவிட்டது. “ஓட விடு” என்றார் சார். தாளை ஓடவிட்டேன். முதல் தாள் வீணாயிற்று, இரண்டாவதில்தான் கோடு விழுந்தது.

முப்பத்தாறு உயரங்கள். அவருடைய முப்பத்தாறு. ஒத்துப்போயிற்று. கெபாசிட்டருக்குள் போன மின்சாரத்தில் பாதிக்கு மேல் ஏழாவது அலை. வாரத்தில் ஆறு நாள் அந்த ஜாயிண்டின் காகிதம் உள்ளுக்குள் வெந்துகொண்டே இருந்திருக்கிறது. அதில் சுடலைமுத்துவின் கைத்தப்பு கடுகளவும் இல்லை.

மூன்று ரிப்போர்ட்டுகளையும் திரும்பப் பெறுவதாக சேஷாத்ரி சார் தன் கையாலேயே எழுதினார். என் பேரைக் கீழே போட்டு, தன் பேரை முதலில் போட்டார். மேலே இருந்தவர்கள், பழையது இருக்கட்டும், புதிதாக ஒன்று சேர்த்தால் போதாதா என்று கேட்டுப் பார்த்தார்கள். “போதாது” என்றார். அந்த ஒரு சொல்லோடு அவருடைய பிரமோஷன் நின்றுபோனது என்று செக்‌ஷனில் பேசிக்கொண்டோம். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஃபார்மில் அந்த ஐந்தாவது வரியைச் சேர்த்ததும் அவர்தான். கெபாசிட்டருக்கு முன்னால், அந்தச் சின்ன அலைகளை அடக்க, ஒரு கம்பிச் சுருள் போட்டார்கள். அதற்குப் பிறகு அந்த ஜாயிண்ட் வெடிக்கவே இல்லை.

சுடலைமுத்துவைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடிதத்தை நானே வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குப் போனேன். நல்ல சேதிதானே கொண்டுபோகிறோம் என்று பாதி வழி வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மாதங்களில் அவர் ஒரு தகரப் பட்டறையில் டப்பாவுக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்தார். அவர் மனைவி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவோரம் நின்றுகொண்டார்.

கடிதத்தைப் படித்துத் தமிழில் சொன்னேன். இந்தத் தடவை ஒரு வார்த்தை விடவில்லை.

“தப்பு என் மேல இல்லன்னு போட்டிருக்கா அண்ணாச்சி?”

“குற்றச்சாட்டு நிரூபிக்கப்படலைன்னு போட்டிருக்கு.”

“ரெண்டும் ஒண்ணா?”

“இல்ல, அண்ணாச்சி. எங்க அளவுதான் தப்புன்னு வேற ரிப்போர்ட்ல இருக்கு. அத வெளிய தரமாட்டாங்க.”

அவர் கடிதத்தை வாங்கி மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார். பிறகு கேட்டார்:

“அன்னைக்கு நான் வியாழக்கெழமன்னு சொன்னேன்லா. அத அந்தத் துரைட்ட சொன்னியளா?”

நானாகச் சொல்லத்தான் போனேன். வந்து உட்கார்ந்து அரை மணி ஆகியும் சொல்லவில்லை. அவர் கேட்ட பிறகுதான் வாய் வந்தது.

“சொல்லல.”

கதவோரம் நின்ற அவர் மனைவி உள்ளே போய்விட்டார். திட்டுவார், நல்லது, திட்டட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அவர் திட்டவில்லை.

“திங்கக்கெழம வேலைக்கு வாரேன். புள்ளையளுக்குச் சோறு வேணும்லா. ஒண்ணே ஒண்ணு அண்ணாச்சி. இனிமே நான் போட்ட ஜாயிண்ட டெஸ்ட் பண்ண நீங்க வராதீய. வேற யாரயாவது அனுப்பச் சொல்லுங்க.”

“சரி” என்றேன்.

அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் அவர் வேலையில் இருந்தார். வழியில் பார்த்தால், “சாப்பிட்டாச்சா அண்ணாச்சி?” என்று கேட்பார், நானும் கேட்பேன். அவர் போட்ட ஜாயிண்ட் எது என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொண்டு, அந்த டூட்டி எனக்கு விழுந்தால் வேறு யாரோடாவது மாற்றிக்கொள்வேன். மாற்றுவதற்குக் காரணம் எழுதுகிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் ‘சொந்த வேலை’ என்று எழுதினேன்.